சோல் பாடிய பஸ் சாரதி

காலை ஆறு மணி பஸ்ஸில் எங்கள் தரிப்பிடத்தில் ஏறுகிறவள் பெரும்பாலும் நான் ஒருத்திதான். டென்மார்க்கின் ஓல்போர்க் நகரத்தில், நீரிணையின் மறுகரையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. பயண அட்டையை இயந்திரத்தில் வைத்து எடுத்துவிட்டு மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவேன். அந்தக் குளிர்காலத்தில் அந்த பஸ்ஸை ஓட்டியவர் ஒரு பெண். என் வயது இருக்கும். கறுத்த நிறம், நரைத்த சுருட்டை முடி, பேச்சோ அந்தப் பக்கத்து வடக்கு யூட்லாந்துக்காரர்களின் அசல் இழுவை. ஓட்டும்போது வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பார். ஒரு வரி பாடுவார், கொஞ்சம் நிறுத்துவார், பிறகு இன்னொரு வரி.

ஒருநாள் காலை எனக்குப் பாதித் தூக்கம். சாரதி ஒரு வரி பாடி நிறுத்தியபோது, என்னை அறியாமலே அதே வரியை மெல்லத் திருப்பி முனகிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடிப் பழகிய வாய். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவருடைய கண்கள் என்னைத் தேடின. வெட்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் அடுத்த வரியைக் கொஞ்சம் உரக்கப் பாடிவிட்டு, வேண்டுமென்றே காத்திருந்தார். சிவப்பு விளக்கில் நின்றோம். பஸ்ஸில் வேறு ஒருவரும் இல்லை. நான் திருப்பிப் பாடினேன். அப்படியே பாலம் தாண்டி என் தரிப்பிடம் வரை வந்துவிட்டோம்.

இறங்கும்போது கேட்டார். டேனிஷில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான்.

"நீ எந்தப் பாடற்குழுவில பாடுறாய்?"

"ஒண்டிலயும் இல்லை. கோயில்ல பஜனை மட்டும்."

"அதென்ன?"

"ஒராள் பாட, மற்ற ஆக்கள் திருப்பிப் பாடுறது."

கதவைத் திறந்து பிடித்தபடியே சிரித்தார். "அப்ப நீ பாதி படிச்சு முடிச்சிட்டாய். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வா."

சோல் இசையின் வரலாற்றைச் சொல்லும் ஓர் இசை நாடகத்தை நகரத்து நாடகக் குழு ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் வேறு வேறு வேலை செய்கிறவர்கள், பொழுதுபோக்காக நடிக்கிறவர்கள். முக்கிய பாடகி எங்கள் சாரதி. பின்னால் நிற்கும் பாடற்குழுவில் தாழ்ந்த குரல் உள்ள பெண்கள் போதவில்லையாம்.

வீட்டில் சொன்னபோது கணவர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உதென்ன சோல்?"

எனக்கும் சரியாகத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் டேனிஷில் விளக்கினாள்: அமெரிக்காவின் கறுத்த மக்கள் தேவாலயத்தில் பாடிய பாட்டை வெளியே கொண்டுவந்து, காதலுக்கும் கவலைக்கும் பாடினார்கள், அதுதான். பிறகுதான் நிமிர்ந்தாள். "அம்மா, நீங்கள் மேடையில் ஆடவும் வேண்டிவருமே?"

"ஆடினால் என்ன?" என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒத்திகை நடக்கும் பாடசாலை மண்டபத்தின் கதவுக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

முதல் சிக்கல் கைதட்டல். பஜனையில் நாங்கள் தாளத்தின் முதல் அடியில் தட்டுவோம். இங்கே நாலு அடியில் முதல் அடியை விட்டுவிட்டு இரண்டிலும் நாலிலும் தட்டவேண்டும். என் கை கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற டேனிஷ் பெண்களுக்கும் அதே கஷ்டம் என்று கண்டபோது கொஞ்சம் ஆறுதல். வீட்டில் பருப்பு வேகும்வரை அடுப்புக்கு முன்னால் நின்று பழகினேன். பாட்டுகள் ஆங்கிலத்தில் இருந்தன. எனக்குக் கொடுத்த தாளில் ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ர தாள் எங்கட தாளைவிட வடிவாயிருக்கு" என்றாள்.

சாரதி வேலை முடிந்து சீருடையோடு வருவார். பாடுவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றி சுவரோரம் வைப்பார். வெறும் காலுறையோடு மேடையின் நடுவில் நின்று வாயைத் திறந்தால், மண்டபத்தின் பின்பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டிருப்பவர்களும் கையை நிறுத்திவிடுவார்கள். பெரிய குரல் என்பதற்காக அல்ல. அந்தக் குரல் ஒருபோதும் அவசரப்படவில்லை. ஒரு சொல்லை எடுத்து, அதன் எல்லாப் பக்கமும் பார்த்து, பிறகுதான் கீழே வைக்கும். எங்கள் ஊர் நாதஸ்வரக்காரர்கள் ஒரு சுரத்தில் நின்று விளையாடும்போது உடம்பில் ஒன்று ஓடுமே, அது அந்தப் பாடசாலை மண்டபத்தில் எனக்கு ஓடியது.

நாடகத்தின் கதை நேரானது. தேவாலயத்தில் தொடங்கும். பிறகு பாடகர்கள் பழைய பஸ் ஒன்றில் ஊர் ஊராகப் போவார்கள். பிறகு கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த வடக்கு நகரம். அங்கே ஷிப்டு முடித்து வந்தவர்கள் பாட்டு எழுதுவார்கள், மூன்று பெண்கள் ஒரே மாதிரிச் சட்டையில் ஒரே மாதிரிக் கை அசைப்பார்கள். பிறகு ஊர்வலங்களின் காலம், கடைசியில் எல்லாரும் ஆடும் காலம். இரண்டாவது பகுதியில்தான் அந்த ஹோட்டல் காட்சி. அன்று மாலை அந்த ஊரின் பெரிய மண்டபத்தில் பாடிக் கைதட்டு வாங்கிய பாடகி, படுக்க அறை கேட்டு ஹோட்டல் வாசலில் நிற்பாள். உன் நிறத்து ஆட்களுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லி, ஒரு கெட்ட சொல்லும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார் ஹோட்டல்காரர்.

ஹோட்டல்காரராக நடித்தவர் அறுபது வயது தாண்டிய பல் வைத்தியர். நாள் முழுக்க மனிதர்களைப் பார்த்து "நோகாது, நோகாது" என்று சொல்லிப் பழகியவர். அந்த வரி வந்ததும் அவருடைய கண் தரைக்குப் போய்விடும், குரல் தொண்டைக்குள் போய்விடும். ஒவ்வொரு ஒத்திகைக்கும் பிறகு சாரதியிடம் போய் மன்னிப்புக் கேட்பார். இரண்டு தரம் வீட்டில் செய்த கேக்கும் கொண்டுவந்தார். நாங்கள் எல்லாரும் அந்தக் கேக்கைச் சாப்பிட்டோம், ஆனால் காட்சி சரிவரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை இயக்குநர், அவர் ஒரு பாடசாலை இசை ஆசிரியர், சலித்துப்போய்ச் சொன்னார்: "இந்தக் காட்சியைச் சுருக்குவம். விளக்கை அணைச்சுப்போட்டு, ஒரு குரல் மட்டும் கேக்கட்டும்."

பல் வைத்தியரின் முகம் தெளிந்தது. சாரதி மட்டும் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"வேண்டாம். அது முகத்துக்கு நேராத்தான் நடந்தது."

அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்தார். தன் தகப்பன் அமெரிக்காவிலிருந்து ஒரு இசைக்குழுவோடு கித்தார் வாசிக்க வந்து, ஒரு டேனிஷ் பெண்ணைக் கண்டு இங்கேயே தங்கிவிட்டவர் என்று சொன்னார். இளமையில் அந்த மனிதரும் அப்படி ஒரு வாசலில் நின்றிருக்கிறார்.

"அப்பா இதை ஒரு தரம்தான் எனக்குச் சொன்னவர். அண்டிரவு அவையள் எல்லாரும் பஸ்சுக்குள்ளதான் படுத்தவையாம்."

பல் வைத்தியர் இரண்டு கையையும் விரித்தார். "எனக்கு அந்தச் சொல்லு வாயில வருதில்லை. உன்னைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"வரக்கூடாத சொல்லுத்தான்" என்றார் சாரதி. "ஆனா அப்பாவுக்குச் சொன்ன ஆளுக்கு அது லேசா வந்தது. அதைத்தான் சனம் பாக்கவேணும்."

"கோபப்பட்டுப் பார்" என்றார் இயக்குநர். பல் வைத்தியர் கோபப்பட்டுப் பார்த்தார். கன்னம் சிவந்ததே தவிர, அது கோபமாக இல்லை. பாவமாக இருந்தது.

மூன்று மாதமாக ஒத்திகையில் பாட்டைத் தவிர நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று என் கை தானாக உயர்ந்தது, வகுப்பில் கேள்வி கேட்கிறவள் போல.

"கோபம் தேவையில்லை" என்றேன். "என்னை ஒருக்கா பஸ்ஸால இறக்கினவை."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் டேனிஷ் தடுமாறியது, ஆனாலும் சொன்னேன். எனக்குப் பத்தொன்பது வயது. இலங்கையில் போர் நடந்த காலம், கொழும்புக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடி. தமிழ் ஆட்கள் மட்டும் இறங்கவேண்டும், மற்றவர்கள் இருக்கலாம். அதைச் சொன்ன மனிதர் கத்தவில்லை. தோடம்பழம் உரித்துக்கொண்டு நின்றார். இறங்குங்கோ என்று சொல்லிவிட்டு, ஒரு சுளையை வாயில் போட்டார்.

"அந்த ஆளுக்கு அது ஒரு வேலை" என்றேன் பல் வைத்தியரிடம். "உன்ர கிளினிக்கில, இண்டைக்கு நேரமில்லை, அடுத்த கிழமை வாங்கோ எண்டு சொல்லுவினமே, அப்பிடிச் சொல்லு."

பல் வைத்தியர் ஹோட்டல்காரரின் மேசைக்குப் பின்னால் போய், விருந்தினர் பெயர் எழுதும் பதிவேடாக வைத்திருந்த தடித்த கொப்பியைத் திறந்தார். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் சாரதியைப் பார்த்து, மரியாதையாக, சிரித்த முகத்தோடு அந்த வரியைச் சொன்னார். கெட்ட சொல்லும் அதே சிரிப்போடு வந்தது. சொல்லிவிட்டு மறுபடி கொப்பியில் எழுதத் தொடங்கினார்.

சாரதி இயக்குநரைப் பார்த்து, "இதுதான்" என்றார். பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்து பல் வைத்தியரின் தோளில் கைவைத்து, "கேக் மட்டும் நிப்பாட்டாதை" என்றார்.

நாடகத்தின் முதல் மேடையேற்றம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், இரண்டு மணிக்கு. கணவரும் மகளும் ஐந்தாவது வரிசையில் இருந்தார்கள். நீல அங்கி போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தபோது அந்த வரிசைப் பக்கம் பார்க்கவே பயந்தேன். தேவாலயக் காட்சியில் சாரதி முதல் வரியைப் பாடி எங்கள் பக்கம் திரும்பினார், நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு பயம் போன இடம் தெரியவில்லை.

ஹோட்டல் காட்சியில் பல் வைத்தியர் கொப்பியைத் திறந்ததும், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவரை நகரத்தில் பலருக்குத் தெரியும், பகிடி ஒன்று வரப்போகிறது என்று நினைத்திருக்கவேண்டும். அவர் சிரித்தபடியே அந்த வரியைச் சொன்னார். சிரிப்பு அப்படியே நின்றது.

அந்த இடத்தில் சாரதி உடனே பாடத் தொடங்கவேண்டும். அவர் பாடவில்லை. வாசலைப் பார்த்தபடி நின்றார். பியானோக்காரர் ஆரம்பச் சுரங்களை ஒருமுறை வாசித்தார், இரண்டாம் முறையும் வாசித்தார். சாரதி வரியை மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு அவர் மெல்லத் திரும்பி, கையிலிருந்த பயணப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒத்திகையில் பாடியதைவிட மிகத் தாழ்ந்த குரலில் தொடங்கினார். பியானோக்காரர் கையை எடுத்துவிட்டார். வாத்தியம் ஒன்றும் இல்லாமல் அந்தக் குரல் மட்டும் மண்டபத்தில் போனது. கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. நான் யார் என்று எனக்குத் தெரியும் என்று சொல்கிற குரல். எங்களுக்குக் கைகாட்டவேண்டிய இயக்குநர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். எங்கே சேருவது என்று ஒருவரும் சொல்லவில்லை. சாரதி ஒரு வரியின் முடிவில் மூச்சு எடுத்தார், நாங்கள் முப்பது பேரும் ஒன்றாய் உள்ளே போனோம். எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கடைசிப் பாட்டுக்கு மண்டபம் முழுதும் எழுந்து நின்று கைதட்டியது, எல்லாம் பிழையான அடியில். சாரதி பாடிக்கொண்டே இரண்டு கையையும் உயர்த்தி இரண்டிலும் நாலிலும் தட்டிக் காட்டினார். சாரதியல்லவா, முழு மண்டபத்தையும் வளைத்துத் திருப்பி எடுத்துவிட்டார்.

முடிந்தபிறகு வெளிக்கூடத்தில் கோப்பிக் கோப்பையோடு நின்ற கணவரிடம் பல் வைத்தியர் தேடி வந்து கைகொடுத்தார். "உன்ர மனைவிதான் எனக்கு அந்த வேஷத்தைக் கட்டித் தந்தவ. அந்த பஸ் கதையைச் சொல்லாட்டி, நான் இண்டைக்கும் தரையைப் பாத்துக்கொண்டுதான் நிண்டிருப்பன்."

கணவர் தலையாட்டினார். காரில் பாலத்துக்குத் திரும்பும் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார்.

"எந்த பஸ் கதை?"

"கொழும்புக்குப் போகேக்க இறக்கினது."

"எனக்குச் சொல்லேல்லையே நீர்."

"நீங்கள் கேக்கேல்லை. உங்கட கதையும் நான் கேக்கேல்லைத்தானே."

பின்சீட்டிலிருந்து மகள் முன்னால் சாய்ந்தாள். வழமைக்கு மாறாகத் தமிழில் கேட்டாள். "என்ன நடந்தது, அம்மா?"

சோதனைச்சாவடியைச் சொன்னேன், வரிசையாக நிறுத்தியதைச் சொன்னேன். என் பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு சிங்களப் பெண் இருந்தார். அவர் இறங்கத் தேவையில்லை. என் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, அதை என் கையில் தந்தார். பிறகு திரும்பிப் போகாமல் எனக்குப் பக்கத்திலேயே நின்றார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. அவரையும் விட்டுவிட்டுத்தான் போனது.

"பிறகு?" என்றாள் மகள்.

கணவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஒருவரும் இறங்கவில்லை. வெயிலில் தன் குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்த அந்தப் பெண்ணைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.