கடல் வற்றிய காலையில் எனக்குக் கால் கொடுத்தவர்

என் மகள் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அங்கே தண்ணீர் இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கண்டிக்குப் பக்கத்திலுள்ள அம்பிட்டியவிலிருந்து நானும் கணவர் அந்தோனியும் மகள் ஜெனியும் நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், விடுமுறைக்குத் தெற்குக் கடற்கரையில் காலி நகரப் பக்கம் போயிருந்தோம். ஜெனி நாங்கள் பல வருடம் அழுது கேட்டுப் பெற்ற ஒரே பிள்ளை. ஐந்து வயது.

காலைச் சாப்பாடு முடிந்த நேரம் கடல் பொங்கித் தெருவரை வந்து முழங்காலை நனைத்தது. சனம் சிரித்தது. பிறகு அந்தத் தண்ணீர் திரும்பிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பாறைகள் தெரிந்தன, மீன்கள் துள்ளின. மீன் காட்ட ஜெனியைக் கூட்டிக்கொண்டு அவர் இறங்கிவிட்டார். நான் தெருவோரத்தில் நின்றேன்.

சுனாமி என்ற சொல்லே அன்று எனக்குத் தெரியாது. ஆனால் வேறொரு தண்ணீர் நினைவுக்கு வந்தது. நான் பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சிறு வயதில் ஓர் அடைமழையின்போது நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் ஆறு சட்டென்று வற்றியது. "ஆத்துல தண்ணி நின்னுருச்சு, மேல ஏறுங்க!" என்று அப்பா கத்தினார். மேலே மண் சரிந்து ஆற்றை அடைத்திருந்தது. நாங்கள் தேயிலைக்குள் ஏறிய பிறகு அடைப்பு உடைந்து, சேறும் தண்ணீருமாக வந்து லயத்தையே கொண்டுபோனது.

ஓர் ஆறே அப்படித் திரும்பி வந்தது. இது கடல்.

எனக்குக் கால் அசையவில்லை. "மாதாவே, எனக்குக் கால் குடுங்க தாயே!" என்று வாய்விட்டுக் கதறினேன். என் ஜெபம் அவ்வளவுதான். அடுத்த நொடி மணலில் ஓடிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, மேல வாங்க!"

"பைத்தியமா ரீட்டா? போன தண்ணி திரும்பி வரும், அவ்வளவுதானே."

"அதுதாங்க பயம்! வரும்!"

ஜெனியைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். என் முகத்தைப் பார்த்து அவரும் ஓடிவந்தார். தெருவுக்கு அப்பால் ஒரு மேட்டில் விகாரை இருந்தது. "உடட்ட யன்ன!" மேலே போங்கள் என்று, தெரிந்த சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஏறினேன். பலர் பின்னால் வந்தார்கள். வராதவர்களை நினைத்து இன்றும் அழுகிறேன்.

மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். தெரு இல்லை. நாங்கள் வந்த வேன் மிதந்து போனது. ஜெனி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, மீன் எங்க?" என்றாள். உயிரோடு கேட்டாள்! எனக்கு அது போதும்.

சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமியின் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் சொருகிக்கொண்டே இருக்கிறதாம். இனியும் ஒருநாள் அது உதறும் என்கிறார்கள். உதறட்டும். கண்டியிலிருந்து யார் கடலுக்குக் கிளம்பினாலும் நான் போய்ச் சொல்கிறேன்: கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காதீர்கள், ஏறுங்கள். வளர்ந்துவிட்ட ஜெனியும் கடற்கரையில் முதலில் மேடு எங்கே என்றுதான் பார்ப்பாள்.

அந்தோனிக்கு மட்டும் கேலி. வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றால், "ரீட்டா, மேல ஏறட்டுமா?" என்பார். ஏறுங்கள் என்பேன்.

என் சகோதர சகோதரிகளே, அந்தத் தாயை நம்பிக் கேளுங்கள். எனக்குக் கால் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். கொடுத்ததும் ஓடிவிடுங்கள்.