மூச்சு விடாத வீராசாமி

எக்ஸ்ரே அறையில் மாரடித்த என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்: எலும்பைப் படம் பிடிப்பது சுலபம், எலும்புக்குச் சொந்தக்காரரைச் சமாளிப்பதுதான் பெரும் பாடு. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் ஜொகூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் பட்ட பாடு.

மாப்பிள்ளைக் கோலம்

சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வீராசாமி ரயிலேறி வந்தார். ரப்பர் பால் வாளியோடு மேட்டிலிருந்து விழுந்தவர். விலாவில் வலி, வேலைக்குப் போக முடியவில்லை. "எல்லாம் நடிப்பு" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கூடவே வந்துவிட்டார். படத்தில் முறிவு தெரியாவிட்டால் வேலையும் போய்விடும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

படம் பிடிக்கப் போகிறார்கள் என்றதும் மனிதர் கல்யாண வேட்டி, கோட்டு, நெற்றி நிறைய விபூதி என்று வந்து நின்றார். கோட்டையும் சட்டையையும் கழற்றச் சொன்னேன். அவர் மனைவி அஞ்சலைக்கு வந்ததே கோபம்.

"இரவல் கோட்டு வாங்கிட்டு வந்தது அவுத்துப் போடவா? வெறும் ஒடம்போட படம் எடுத்து ஊருக்கு அனுப்பினா, இவரு அம்மா என்னைத்தான் ஏசும்!"

சத்தியம்

அந்தக் காலத்து மெஷினில் தலைக்கு மேலே கம்பிகள் திறந்தபடியே ஓடும். மின்சாரம் பாய்ந்தால் படபடவென்று பொரியும். அதற்கு நடுவில் விலாவைப் படம் எடுக்க வேண்டும். மூச்சை அடக்காவிட்டால் எல்லாம் கலங்கிவிடும். "அண்ணே, மூச்சு விடக்கூடாது" என்றேன். வீராசாமி என்னை உற்றுப் பார்த்தார். "உசிரே போனாலும் விடமாட்டேங்க" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் நம்பினேன்.

படம் விழும் கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தால் ஒரே புகைமூட்டம். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிராணிக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. "முறிவைக் காணோமே, கிளம்பு" என்று எழுந்துவிட்டார்.

வெளியே அஞ்சலை அழுதுகொண்டிருந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டதற்குப் புருஷன் வாயே திறக்கவில்லையாம். ஏதோ தீராத வியாதி என்று அவளாக முடிவுகட்டிவிட்டாள். "அண்ணிகிட்டயாவது சொல்லக்கூடாதா, அண்ணே?" என்றேன். வீராசாமி திருதிருவென்று விழித்தார்.

"நீங்கதானேய்யா மூச்சு விடக்கூடாதுன்னீங்க! பொண்டாட்டிகிட்ட மட்டும் விடலாமா?"

இரண்டாவது படம்

டாக்டரிடம் கெஞ்சி இன்னொரு தட்டு வாங்கினேன். இந்த முறை வாயால் சொல்லவில்லை. நானே மூச்சை இழுத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு நின்று காட்டினேன். வீராசாமியும் வலியைப் பொறுத்துக்கொண்டு உப்பினார். படம் பளிச்சென்று விழுந்தது. இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்தன.

ஆறும்வரை வேலைக்கு இறக்கக்கூடாது, வீட்டிலிருந்து கிளப்பவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கிராணி தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "அலமாக், நெசமாவே ஒடஞ்சிருக்கு லா" என்று மலாய் பாணியில் வியந்தார். அஞ்சலை இரவல் கோட்டை மடித்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"இத்தன நாளா மனுசன் வாயால சொன்னாரு, நீங்க நம்பல. எலும்பு சொன்னாத்தான் நம்புவீங்களா, கிராணி ஐயா?"

அன்று முதல் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றுதான் சொல்லி வந்தேன். "மூச்சு விடாதீங்க" என்று நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.