மாடி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வந்த கதை

இங்கே மருத்துவரைப் பார்க்கப் போனால், காத்திருக்கும் அறைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் அங்கே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத எல்லோருக்கும் சேர்த்து ஒரு 'போன்ஷூர்' போடுகிறார்கள். இருமிக்கொண்டிருப்பவர் இருமலை நிறுத்திப் பதில் சொல்கிறார். மருந்துச் சீட்டோடு கிளம்பும்போது அதே ஆட்களுக்கு 'ஓ ருவார்', அதாவது மறுபடி பார்ப்போம், என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போகிறார்கள். பேருந்து ஓட்டுநருக்கும் இது உண்டு, ரொட்டிக் கடைக்காரிக்கும் உண்டு. மதுரையில் கோரிப்பாளையம் சந்திப்பில் நின்று எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் இப்படி வணக்கம் வைக்கத் தொடங்கினால், பத்தாவது ஆள் "என்னண்ணே, வெயில் ஏறிப்போச்சா?" என்று கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்துவிடுவார். ஆனாலும் நான் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். தவறில்லாமல் எனக்கு வருகிற பிரெஞ்சு அந்த இரண்டு சொற்கள்தான்.

நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி எஸ்தர், ஒன்பது வயது மகள் கெசியா. ஊழியத்துக்குப் போகப்போகிற நாடு கேமரூன். அங்கே பிரெஞ்சு தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று மிஷன்காரர்கள் எங்களை முதலில் ஒரு வருடம் பிரான்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஊர். ஜூன் மாதம் வாய்மொழித் தேர்வு. புருஷன் பெண்டாட்டி இருவரும் தேறினால்தான் கேமரூன். செல்லூரில் சால்வை போட்டு எங்களை வழியனுப்பிய சபையார் இந்த ஏற்பாட்டை இன்னும் முழுதாக நம்பவில்லை. வாட்ஸப் ஜெபக் குழுவில் ஒரு மூப்பர் வாராவாரம் எங்களைச் சிங்கத்தின் வாயிலிருந்து காக்கச் சொல்லி மன்றாடுகிறார். நான் அதை வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டு 'ஆமென்' என்று பதில் போடுகிறேன். ஊரில் மைக்கைப் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்கு விடாதவன், இங்கே வெங்காயத்தை விரலால் சுட்டிக்காட்டி வாங்குகிறேன். என் கர்வத்தை அடக்க ஆண்டவருக்கு இதைவிட மலிவான வழி கிடைத்திருக்காது.

எங்களுக்கு நேர் மேல்மாடியில் மதாம் சிமோன் இருந்தார். எழுபது தாண்டியவர். படுத்த படுக்கையாகக் கிடந்த கணவரைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் வரும் செவ்வாய், வெள்ளி பிற்பகல்களில் அவருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. அந்த ஒரு மணி நேரத்தை எங்கள் வீட்டில் கழிக்க ஆரம்பித்தார். எஸ்தர் போடும் ஏலக்காய் டீயைச் சூப் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடிப்பார். வகுப்பில் வாயே திறக்காத எஸ்தர் அவரிடம் மட்டும் பேசுவாள். வினைச்சொல் தலைகீழாகக் கிடந்தாலும் அவர் திருத்தமாட்டார், சிரித்துக்கொண்டு கேட்பார். என்னோடு பேசும்போது மட்டும் திருத்துவார். இந்த ஊரில் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வந்த ஒரே மனுஷி அவர்தான்.

நவம்பரில் அவருடைய கணவர் இறந்துபோனார். கீழ்க் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கெசியா வாசித்துச் சொன்னாள். அடக்கம் முடிந்த அன்று பிற்பகல் நானும் எஸ்தரும் மாடியேறினோம். துக்கம் கேட்க யாராவது நேரம் கேட்டுக்கொண்டு போவார்களா? கதவு லேசாகத் திறந்திருந்தது. நம்மூரில் எப்படிப் போவோமோ அப்படியே போனோம். சாவு வீட்டில் யாரும் வாங்க என்று சொல்லமாட்டார்கள், போகிறவனும் வணக்கம் வைக்கமாட்டான். எஸ்தர் நேரே போய் மதாமைக் கட்டிப்பிடித்து, "எங்கம்மா, ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டாரே" என்று குரலெடுத்து அழுதாள். கையில் சிறு கண்ணாடிக் கிளாஸ்களோடு நின்றிருந்த உறவினர்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். நான் ஒரு நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்தேன். காபி நீட்டினார்கள், வேண்டாம் என்று தலையாட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்து எஸ்தருக்குக் கண் காட்டினேன். இருவரும் எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தோம். வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். தீட்டெல்லாம் இல்லை, சுத்தம்தான் என்று பற்கள் கிடுகிடுக்கக் கெசியாவுக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதாம் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். எஸ்தர் இரண்டு நாளும் டீயைப் போட்டு வைத்து, ஆறிய பிறகு தானே குடித்தாள். "பரீட்சை கெடக்கட்டும்ங்க. அந்தம்மாவுக்கு நம்ம மேல என்ன மனத்தாங்கல்? அதச் சொல்லுங்க முதல்ல" என்றாள். எனக்கு என்ன தெரியும்?

பதில் வகுப்பில் கிடைத்தது. இறந்த காலத்தில் ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை. கொரியா, பிரேசில் நாடுகளிலிருந்து வந்த மற்ற ஊழியக்காரர்கள் பனிச்சறுக்கைப் பற்றிச் சொன்னார்கள். நான் எழுந்து துக்கம் கேட்ட கதையைச் சொன்னேன். நாங்கள் நுழைந்தோம். போன்ஷூர் சொல்லவில்லை. உட்கார்ந்தோம். காபி குடிக்கவில்லை. எழுந்தோம். ஓ ருவார் சொல்லவில்லை. போனோம். வந்த மூன்று மாதத்தில் முதல் முறையாக ஒரு பிழையும் இல்லாமல் பேசிவிட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தேன். ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "இலக்கணம் சரி. ஆனால் இங்கே ஒருவர் அப்படிப் போனால், இனி உங்கள் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று அர்த்தம்" என்றார். கொரியாக்காரர் எனக்காகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"சொல்லியிருக்க வேண்டியதுதானே" என்று வாசகர்கள் கேட்கலாம். அதுவும் சகுனத்துக்கும் சாங்கியத்துக்கும் எதிராகப் பத்தொன்பது வருடம் பிரசங்கம் பண்ணிய ஆள். ஊருக்குத்தான் உபதேசம் என்ற பழமொழியை என்னைப் பார்த்தே செய்திருப்பார்கள் போலிருக்கிறது. காரணம் இருக்கிறது, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் உபதேசியாராக இருந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. வேதாகமக் கல்லூரியின் சூடு ஆறாத வயது. புதிதாகச் சபையில் சேர்ந்த ஒரு சம்சாரி வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். ஜெபம் முடிந்து கிளம்பும்போது, கிறிஸ்தவனுக்கு ஏது சகுனம் என்று காட்டுவதற்காக, வேண்டுமென்றே எல்லோர் காதிலும் விழும்படி, "போயிட்டு வாரேம்மா" என்றேன். பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் அவர்களுடைய மூத்த மகன் நாலுவழிச் சாலையில் பைக்கில் போய் அடிபட்டுச் செத்தான். தற்செயல்தான், எனக்குத் தெரியும். அந்த வீட்டில் ஒருவர்கூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து நான் வாசலுக்கு வந்தபோது அந்தத் தாய் பின்னாலேயே வந்தார். "இந்தத் தடவ ஒண்ணும் சொல்லாமப் போங்க உபதேசியாரே" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் நான் வாய் திறந்து விடைபெற்றதில்லை. அது நம்பிக்கை இல்லை, பயம்.

ஆசிரியை சொன்னபடி, முதலில் ஒரு சீட்டு எழுதி மதாமின் தபால் பெட்டியில் போட்டோம். மூன்று நாள் கழித்து எங்கள் பெட்டியில் பதில் கிடந்தது: ஞாயிறு, நான்கு மணி. நான்கு அடிக்கும்போது கதவைத் தட்டினோம். என் வாழ்க்கையில் நேரத்துக்குப் போன ஒரே வீடு அதுதான். மதாம் உட்காரச் சொல்லவில்லை. நடையிலேயே நின்று, நான் மனப்பாடம் செய்து வந்திருந்ததை ஒப்பித்தேன். எங்கள் ஊரில் சாவு வீட்டில் மறுபடி வருகிறேன் என்று சொன்னால், சாவும் மறுபடி வரும் என்று பயப்படுவார்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. உங்கள் வீட்டுக்கு இன்னொரு சாவு வேண்டாம் என்பதற்காகச் சொல்லாமல் போனோம்.

மதாம் எஸ்தரைப் பார்த்தார். "நீ அவ்வளவு அழுதாய். பிறகு அப்படியே எழுந்து போய்விட்டாய். என் வீட்டில் ஏதோ அருவருப்பைக் கண்டுவிட்டாய் என்று நினைத்தேன்" என்றார். எஸ்தருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அந்த நேரத்தில் ஓடிவிட்டது. "ஐயோ, இல்லம்மா! சாமி சத்தியமா இல்ல" என்று தமிழிலேயே சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். மதாமுக்கு அது விளங்கியது. உள்ளே கூட்டிப் போய்க் காபி கொடுத்தார். இந்த முறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசலில் வழியை மறித்தாற்போல நின்றார். "அன்று வந்த எல்லோரும் ஓ ருவார் சொன்னார்கள். இதுவரை யாரும் திரும்பி வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், மிஸ்யே. நீங்கள் வருவீர்கள்" என்றார். ரொட்டிக் கடையில் தினமும் சொல்கிற வார்த்தை. டி. கல்லுப்பட்டித் தாயின் கும்பிட்ட கை கண்முன் நின்றது. எஸ்தர் முழங்கையால் இடித்தாள். "ஓ ருவார், மதாம்" என்றேன். அவர் சிரித்தார். படியில் இறங்கும்போது, "சொல்லிட்டீங்களே!" என்றாள் எஸ்தர். "பிரெஞ்சுலதான சொன்னேன், அது கணக்குல வராது" என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வினைச்சொல் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன். ஒரு வரியும் ஓடவில்லை. மாடியில் சத்தமே இல்லை. ஆறரை ஆனது, ஏழு ஆனது. ஆண்டவரே என்றேன், அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. ஏழேகாலுக்குத் தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. பிறகு செருப்பு தேய்கிற சத்தம், ஜன்னலிலிருந்து சமையலறை வரைக்கும். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இப்படி ஒரு ஊழியக்காரனை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பினேன். அடுப்படி வாசலில், கையில் கரண்டியோடு, எஸ்தரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.