அமாவாசைக்கு அமாவாசை துலக்கிய கடிகாரம்

சின்னம்மை அந்த வெள்ளிப் பாக்கெட் கடிகாரத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். ஓவேலியிலிருந்து ஊட்டி வருகிற வரைக்கும் பஸ்ஸில் ஒரு கை அதன் மேலேயே இருந்தது. புறப்படுவதற்கு முன்னால் அதை இன்னொரு தரம் விபூதி போட்டுத் துலக்கியிருந்தாள். பெரிய இடத்துக்குப் போகிற பொருள். கறுத்த முகத்தோடு போகக்கூடாது.

அம்புரோஸின் கடை மார்க்கெட்டுக்குள், பூண்டு மண்டியை ஒட்டி இருந்தது. பழைய கடிகாரங்களைத் திறந்து பார்த்து, எந்த ஊர்ச் சரக்கு, என்ன பெறும் என்று சொல்கிறவர் அவர். விற்க வேண்டும் என்று கிளப்பியது மகன் விஜயன். டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு அடுத்தவர் ஜீப்பை ஓட்டுகிறவன். சொந்த ஜீப் வரப்போகிறது என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தான்.

“எங்க தாத்தாவோடதுங்க. சிலோன்ல கங்காணியா இருந்தாரு. கப்பலேறும்போது தொர குடுத்தது. அசல் ஸ்விஸ்” என்றான்.

அம்புரோஸ் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டார். கட்டைவிரல் நகத்தால் பின்மூடியைத் தூக்கினார். அதற்குள் இன்னொரு மூடி. அதையும் தூக்கியதும் சின்னச் சின்னச் சக்கரங்கள் தெரிந்தன. அவர் முகம் மலர்ந்தது.

“மெஷின் ஸ்விஸ்தானுங்க. சக்கரம் தேயாம சொழலக் கல்லு வச்சது. நல்ல கை பண்ணுன வேலை. சாவி குடுத்தா இன்னும் ஓடும்.”

விஜயன் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பிறகு அம்புரோஸ் பின்மூடியின் உட்புறத்தை விளக்கடியில் பிடித்தார். சாய்த்தார். இன்னும் சாய்த்தார்.

“கம்பெனி முத்திரை, நம்பரு, வெள்ளி முத்திரை எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கோணும். சுத்த வெள்ளின்னு காட்டறதுக்கு ஒரு பறவையக் குத்தியிருப்பாங்க. இங்க பாருங்க, வாலு மட்டும் நிக்குது. பறவையக் காணோம்.”

“பறந்துருச்சுங்களா?” என்றான் பக்கத்துக் கடை ரமேஷ்குமார், டீ கிளாஸும் கையுமாக எட்டிப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள்.

“மேல்பக்கமும் பேரு வெட்டியிருக்காங்க. கோடு தெரியுது, படிக்க முடியலைங்க. பேரும் முத்திரையும் நின்னுருந்தா, இதுக்குன்னே தேடி வந்து வாங்கற ஆளுங்க இருக்காங்க. இப்ப இது ஓடற பழைய வெள்ளி வாட்ச், அவ்வளவுதான். ஏனுங்க, இதை இந்தப் பாடு படுத்துனது யாரு?”

சின்னம்மையின் நகக்கண்களில் காலையில் துலக்கிய விபூதி இன்னும் வெள்ளையாக இருந்தது. கைகளைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேற யாரு, எங்கப்பாதானுங்க” என்றான் விஜயன். “அவரு கை வச்சு எது உருப்பட்டிருக்கு? ரேடியோவப் பிரிச்சாரு, அதோட அது வாயத் தொறக்கல. கொழாயப் பிரிச்சாரு, லயமே நனைஞ்சுது. இதையும் தேச்சுத் தேச்சு ஆளக் காலி பண்ணிட்டாரு.”

மறுபடியும் சிரிப்பு. சின்னம்மை ஸ்டூலில் இன்னும் ஒடுங்கி உட்கார்ந்தாள். கீழே கிடந்த பூண்டுச் சருகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை பார்த்த மனுஷன், அவள் புருஷன். கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் பிரித்துப் போட்டவன்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் பிரித்ததில்லை. பழைய பனியன் துணியால் ஒற்றி எடுப்பான், ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குவான். தீபாவளிக்குத் தீபாவளி மூடியைத் திறந்து காட்டுவான். “பாரு புள்ள, காட்டுக்கோழி. மேல இங்கிலீசுல எங்கப்பா பேரு. ஒரு தோட்டத்தாளு பேர வெள்ளியில வெட்டிக் குடுத்துருக்கான் தொர. வெரல் படக்கூடாது, சொல்லிட்டேன்.”

அவன் போன பிறகு அதை அவன் போட்டோவுக்கு முன்னால் வைத்தாள். மழைக்காலத்து ஈரத்தில் வெள்ளி கறுத்தது. புருஷன் முகமே கறுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அமாவாசைக்கு அமாவாசை குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் துலக்கினாள். விபூதிக்குப் போகாத கறுப்புக்குப் பல்பொடி. கறுப்பு எழுத்துக்குள்தான் போய் ஒளிந்துகொண்டது, அவளும் விடவில்லை. மூடியைத் திறந்து உள்ளேயும் துலக்கினாள். எழுத்து மங்க மங்க, அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டாள்.

கடிகாரம் விற்காமலே திரும்ப அவள் தலைப்பு முடிச்சுக்குள் வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் விஜயன் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். கூடலூர் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். அவன் போனில் யாரிடமோ, “இல்ல மச்சான், எங்கப்பன் பண்ணுன வேலையில எல்லாம் போச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வைக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

“தம்பி, அது உங்கப்பா இல்லடா. நாந்தான்.”

“தெரியும்மா.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஒவ்வொரு அமாவாசையும் பாத்துட்டுத்தான இருந்தேன். எனக்கும் அப்பத் தெரியல, இப்பிடி ஆகும்னு. அந்தக் கடையில அத்தன பேரு முன்னால உன்னக் கை காட்டச் சொல்றியா? சிரிச்சானுக, பாத்தீல்ல? அப்பாவுக்கு என்ன, செத்தவருக்கு வெக்கமா மானமா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தன் குற்றத்தை மகன் தூக்கிக் கொண்டுபோய்ச் செத்தவன் தலையில் இறக்கி வைத்திருக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் இவள்.

“அவரு போட்டோக்கு முன்னாலயே வச்சுத் தேச்சுருக்கேன்டா. அவரும் பாத்துக்கிட்டேதான இருந்துருப்பாரு” என்றாள். பிறகு எழுந்தாள்.

“எங்கம்மா போற? கண்டக்டர் ஏறிட்டாரு.”

“இப்பிடியே ஊட்டுக்குப் போக ஏலாதுடா. அடுத்த பஸ்ஸுல போவம்.”

கடையில் இப்போது கூட்டம் கூடியிருந்தது. வாட்சுக்குப் பட்டை மாற்ற வந்த ஒரு வெளியூர் ஜோடி. டீ குடித்து முடித்தும் போகாத ரமேஷ்குமார். அம்புரோஸ் லென்ஸைக் கழற்றாமலே நிமிர்ந்தார்.

“சொல்லுங்கம்மா.”

“அந்த வாட்ச அவரு தேய்க்கலைங்க.”

“எந்த வாட்சுங்க? யாரோடது?”

ரேஷன் கடையில், தோட்டத்து ஆபீசில், ஆஸ்பத்திரியில், எங்கே புருஷன் பேரைக் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிற யாராவதுதான் சொல்வார்கள். அவள் வாயால் சொன்னதே இல்லை. மாமனார் பேரும் அப்படித்தான். இப்போதும் பின்னால் நின்ற விஜயன் சொல்ல வாயெடுத்தான். சின்னம்மை கையைத் தூக்கித் தடுத்தாள்.

“பொன்னுத்துரை வாட்சு” என்றாள். காது வரைக்கும் சுட்டது. “பொன்னுத்துரை அதுல ஒரு கீறல் போடலைங்க. விபூதியும் பல்பொடியும் போட்டுக் கெடுத்தது நான். அதுல இருந்த பேரு சுடலைமுத்து. என் மாமனாரு.”

ரமேஷ்குமார் கிளாஸைத் தூக்கிக் காலி என்று தெரிந்தும் ஒரு வாய் குடித்தான்.

“சரிங்கம்மா” என்றார் அம்புரோஸ். எதற்குச் சொன்னாள் என்பது அவருக்குப் பிடிபட்டதாகத் தெரியவில்லை. பட்டையைப் பார்க்கக் குனிந்துவிட்டார். வெளியூர்ப் பெண் மட்டும் சின்னம்மையை மேலும் கீழும் பார்த்தாள்.

வெளியே வந்ததும் விஜயன் கடிகாரத்துக்காகக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“போலாமா?” என்றான்.

“இரு” என்று முடிச்சை அவிழ்த்து, கடிகாரத்தை ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். “வெரல் படாம முடிஞ்சுக்கறேன்.”