வைப்பர் றப்பருக்கு ஒரு விரல் தேங்காய் எண்ணெய்

கார் வைப்பருக்கு றப்பர் மாற்றுவது கால் மணி நேர வேலை. அதன்பிறகு மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருப்பது மீதி வேலை. மற்றவர் காரில் கைவைத்துப் பிழைக்கும் சகோதரர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கராஜ் ஒன்றில் நான் வேலை செய்தேன். கூட வேலை செய்தவர் கொட்டாஞ்சேனைக்காரரான சவிரி பாஸ். எஞ்சின் அவர் பங்கு. கண்ணாடி, விளக்கு, வைப்பர் என் பங்கு. அவர் எதற்கும் அசையமாட்டார். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி.

சாக்கை மறந்த நாள்

பழைய றப்பரைக் கழற்றினால் வைப்பரில் வெறும் தகடுதான் மிஞ்சும். கை நழுவினால் ஸ்பிரிங் அதை இழுத்துக் கண்ணாடியில் அடித்துவிடும். அந்த நாளில் கண்ணாடி கப்பலில் வரவேண்டும், கப்பலோ வருவதில்லை. ஆகவே கண்ணாடி மேல் மடித்த சாக்கைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். புது றப்பரைத் தகட்டுக்குள் செலுத்தியதும் தகட்டின் வாயைக் குறட்டால் நெரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓட ஓட றப்பர் நழுவி விழும்.

புதுக்கடைக் கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்ததில் பதறிச் சாக்கை மறந்துவிட்டேன். தகடு நழுவியது. என்ன நினைத்தேனோ, நடுவே என் கையைக் கொடுத்தேன். விரல் முட்டி கிழிந்து இரத்தம் வந்தது. அவர் முதலில் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் என் கையைப் பார்த்தார்.

“பரவாயில்லை தம்பி, கை ஆறிடும். கண்ணாடிதான் ஆறாது.”

அழுகிற கார்

நாடு முழுக்க றப்பர் மரம் நின்றாலும் வைப்பர் றப்பர் சீமையிலிருந்துதான் வந்தது. அதுவும் நின்றபின் பழைய சைக்கிள் டியூப்பைப் பிளேடால் கீறி நானே செய்து பூட்டினேன். முதல் துண்டு புடவைக்கடை ஹாஜியார் ஒருவரின் காருக்குப் போனது. பிறகு மூன்று நாள் அடைமழை. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அவருடைய கார் எங்கள் வாசலில் திரும்பக் கண்டதும், லொறி ஒன்றின் கீழே புகுந்து வேலை செய்பவனைப்போல் படுத்துக்கொண்டேன். ஹாஜியார் குனிந்து என் கால்களோடு பேசினார்.

“ஒளிய வாணாம் தம்பி. நல்லாத்தான் தொடைக்கிது. ஆனா மழ வந்தா ஊட்டுப் பொம்புளையள் கார்ல ஏறமாட்டேங்கிறாங்க, வைப்பர் கத்துறது பேய் அழுகுற மாதிரியாம்.”

நாலு மணி

டியூப் றப்பர் வெயிலில் விறைத்துப்போகும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் கண்ணாடியிலும் உப்புப் படியும். இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தாலே போதும். எனக்குப் போதவில்லை. தலைமயிர் முதல் கதவுப் பிணைச்சல் வரை எது விறைத்தாலும் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான். ஒரு காலை, பம்பலப்பிட்டி டொக்டர் ஒருவரின் காருக்கும் ஒரு வாடகைக் காருக்கும் றப்பரில் ஒரு விரல் எண்ணெய் தடவிவிட்டேன். டொக்டர் கொட்டாஞ்சேனை டிஸ்பென்சரியில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, நாலு மணிக்கு அங்கிருந்து நீர்கொழும்புக்கு ஒரு பிரசவம் பார்க்கப் புறப்படுவதாகச் சொன்னார். அந்தத் தாய்க்கு முன்பு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லையாம்.

இரண்டரைக்கு மழை பிடித்தது. சற்று நேரத்தில் வாடகைக் கார் தடுமாறி வந்து எங்கள் சுவரில் முட்டி நின்றது. கண்ணாடி முழுக்க எண்ணெய். வைப்பர் அதைத்தான் இழுத்து இழுத்துப் பூசிக்கொண்டிருந்தது. சவிரி பாஸ் விரலால் தொட்டு, மணந்து பார்த்து, என் பக்கம் திரும்பினார். டொக்டரின் காரிலும் அதே எண்ணெய்தான். டியூப் துண்டையும் பிளேடையும் சவர்க்காரத்தையும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குச் சைக்கிளில் பாய்ந்தேன். வழியில் கூட்டம் நின்ற இடத்திலெல்லாம் டொக்டரின் காரைத் தேடினேன். ஒரு கூட்டத்தை விலக்கிப் பார்த்தால், சறுக்கி விழுந்த வண்டில் மாடு.

நான் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார். செய்ததைச் சொல்லிவிட்டேன், அந்த அவசரத்தில் பொய் வரவில்லை. கண்ணாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, புதுத் துண்டைச் செலுத்தினேன். குறட்டை எடுத்துவர மறந்தது அப்போதுதான் தெரிந்தது. தகட்டின் வாயைக் கல்லால் தட்டி நெரித்தேன். நீர்கொழும்பு வரைக்கும் தாங்குமா என்று டொக்டர் கேட்டார். நான் அந்த நுனியை இன்னொரு முறை கல்லால் தட்டினேன்.

“அப்ப நீரும் ஏறும்.”

நீர்கொழும்பு வீதி

அந்தக் காலத்து வைப்பர் எஞ்சினின் உறிஞ்சலில் ஓடும். வேகத்தைக் கூட்டினால் நின்றுவிடும், குறைத்தால் துடைக்கும். டொக்டருக்கோ அவசரம். மிதிப்பார், கண்ணாடி வெள்ளையாகிவிடும். காலை எடுப்பார், ஒரு முறை ரோட்டுத் தெரியும். நான் ரோட்டையே பார்க்கவில்லை. கல்லால் நெரித்த அந்த நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் றப்பர் ஒரு மயிரிழை வெளியே வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். தேங்காய் என்றதும் எண்ணெய் நினைவு வந்து, அதைக் கற்பூரமாக மாற்றிக்கொண்டேன்.

போய் நின்றபோது றப்பர் அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டொக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் கதவைப் பிடித்தபடி இறங்கினேன். வாசலில் அந்தத் தாயின் புருசன், ஒரு மீன்பிடிக்காரர், மழையில் நனைந்தபடி காத்து நின்றார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டொக்டர் ஐயா, முதல்ல இவரப் பாருங்க, ஆளுக்குக் கை கால் எல்லாம் நடுங்குது.”

அன்று தாயும் தப்பினாள், பிள்ளையும் தப்பியது, டொக்டரும் சுகமாகத் திரும்பினார். ஆனால் அன்றிலிருந்து மழையில் எந்தக் கார் போனாலும் அதன் முன் ஆசனத்தில் என் மனசுதான் உட்கார்ந்து வைப்பர் நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.