பிரஸ் பட்டன் வைத்த கைப்பட்டை

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஏழு வயதுவரை அவனுக்கு இளைப்பு. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு விசிலடிக்கும். அந்தப் பையன்தான் பத்தொன்பது வயதில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டு மூன்றாம் முறை தேறினான். போலீஸ் தேர்வில் உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். முடங்கிப் போகாமல் துணைக் காவலராகச் சேர்ந்தான். ஒன்பது வருடம் புகாரில்லாமல் நின்றவர்களுக்கு உயரத்தில் சலுகை தந்து முழுப் போலீஸாக எடுப்பார்கள் என்று ஒரு விதி உண்டு. ஒன்பதாவது வருடம், அப்படி எடுப்பவர்களின் பட்டியலில் அவன் பெயரும் ஏறியது. தெருவில் எல்லோரிடமும் சொன்னேன், இரண்டு பேரிடம் இரண்டு தரம்.

துணைக் காவலர் என்றால் அதே சட்டை, அதே தொப்பி. நெஞ்சில் எண் மட்டும் கிடையாது. இடது கையில் நீலப் பட்டை. யாரையும் கைது செய்ய முடியாது, எதையும் எழுத முடியாது. போலீஸ் பக்கத்தில் நின்று அவர் சொன்னதைச் செய்ய வேண்டும். போலீஸார் தினமும் தங்கள் எண்ணைப் போட்டு வருகைப் பதிவில் கையெழுத்திடுவார்கள். துணைக் காவலர்களுக்குக் கையெழுத்து இல்லை. எழுத்தர் தலையை எண்ணி, “துணை – ஆறு” என்று எழுதிக்கொள்வார். நிலையத்தில் அவனுக்கு ‘அரைப் போலீஸ்’ என்று பெயர்.

“அரையோ முழுசோ, வெயில் ஒண்ணுதான்கா,” என்பான்.

நான் தையல்காரி. ஒருநாள் அந்த நீலப் பட்டையை என்னிடம் கொண்டுவந்தான்.

“தையலைப் பிரிச்சுட்டு பிரஸ் பட்டன் வெச்சுக் குடுக்கா. சட்டுனு கழட்டணும்.”

“எதுக்குடா?”

“கூட்டம்னா இன்ஸ்பெக்டர் கழட்டச் சொல்றார். பட்டை இல்லன்னா எல்லாரும் எங்களையும் போலீஸ்னு நினைப்பாங்களாம். ஆள் ஜாஸ்தியா தெரியும்.”

அது சரியா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, “பட்டன் ரெண்டு வைக்கவா, மூணா?” என்றுதான். மூன்று வைத்தேன், சம இடைவெளியில், பின்பக்கம் முடிச்சு தெரியாமல். பட்டையில்லாமல் அவனை ஒருமுறை கண்ணாடி முன் நிறுத்திப் பார்த்துப் பூரித்தும் போனேன்.

அந்த வருடம் ஜனவரியில் ஒரு மத்தியானம் பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரமாக வண்டி வரவில்லை. கூட்டம் சத்தம் போட்டது. இன்ஸ்பெக்டர் விரலைத் தூக்கினார். ஆறு பட்டைகளும் பைக்குள் போயின. “தள்ளுங்க,” என்றார். வாசலோரம் குடை பழுது பார்ப்பவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கூட்டத்தில் இல்லை, தன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் தம்பி அவரை லத்தியால் தள்ளினான். அவர் தன் இரும்புப் பெட்டி மேலேயே விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

அவர் கட்டோடு போய்ப் புகார் கொடுத்தார். தள்ளிய போலீஸ்காரர் சட்டையில் எண் இல்லை என்றார். எங்கள் போலீஸார் எல்லோருக்கும் எண் உண்டு, எண் இல்லாதவர் எங்கள் ஆள் இல்லை என்றது நிலையம். போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அலுவலகமோ, தள்ளியவர் போலீஸ்தான் என்று காட்டினால்தான் விசாரிப்போம் என்றது. துணைக் காவலர் அலுவலகத்தில், அன்று அவர்கள் நிலையத்தின் பொறுப்பில் இருந்தார்கள், அங்கே கேளுங்கள் என்றார்கள். உடைந்த கையோடு மனிதர் மூன்று வாசல் ஏறி இறங்கினார்.

இன்ஸ்பெக்டர் என் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: “சட்டப்படி நீ போலீஸும் இல்ல, சும்மா ரோட்டுல போறவனும் இல்ல. உன்னை யாரு கேக்கப் போறா? அடுத்த மாசம் முழுப் போலீஸ் ஆகப் போற. வாயை மூடிட்டு இரு.”

அவன் என்னிடம் இதைச் சொன்னபோது நான் ஒரு சட்டைக்குக் காலர் திருப்பிக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தக்கூட இல்லை.

“அவர் சொல்றதும் சரிதானே. ஒன்பது வருஷம்டா.”

இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

“நான் அந்தக் குடைக்காரரைப் பாக்கப் போனேன்கா,” என்றான். “சட்டை மாத்தியிருந்தேன்ல, அடையாளம் தெரியல அவருக்கு. ‘தம்பி, இந்தக் கம்பியைக் கொஞ்சம் பிடிப்பா, ஒத்தக் கையில முடியல’ன்னார். பிடிச்சேன். அரை மணி நேரம் பிடிச்சேன். போகும்போது ‘நல்லா இருப்பா’ன்னார்.”

அப்போதுதான் மெஷின் நின்றது.

மறுநாள் காலை இருவரும் புகார் அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா படிவத்தை எடுத்தார்.

“உங்க எண்?”

“எண் இல்லைங்க. நான் துணை.”

“அப்போ உங்க பேர்ல பதிய முடியாதேப்பா. நாங்க போலீஸை மட்டும்தான் விசாரிப்போம்.”

“பட்டையைக் கழட்டச் சொன்னவருக்கு எண் இருக்குங்க. தள்ளச் சொன்னதும் அவர்தான். அவரை விசாரிக்கலாம்ல? நான் சாட்சி. தள்ளுனது நான்தான், அதையும் எழுதிக்குங்க.”

அவர் பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். “இதை எழுதினா, முழுப் போலீஸா எடுக்குற பட்டியல்ல உங்க பேர் இருந்தாலும் நிக்காது. நீங்க தள்ளுனதுக்குச் சாதாரண ஆள் மாதிரி கோர்ட்டுல நிக்க வேண்டியும் வரலாம். தெரியுமில்ல?”

“தெரியும்.”

அவன் நீலப் பட்டையை மேசை மேல் வைத்தான். அந்த அம்மா மூன்று பட்டனையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்.

“சுத்தமான வேலை. யார் தைச்சது?”

என் இருபத்திரண்டு வருடத் தையலில் இந்தக் கேள்விக்கு நான் தலை குனிந்தது அன்றுதான். “நான்தாங்க. எதுக்குன்னு தெரிஞ்சுதான் தைச்சேன்.” அதையும் எழுதிக்கொண்டார்.

பட்டியலிலிருந்து அவன் பெயர் அந்த வாரமே போனது. குடைக்காரர் மூன்று வாசலில் தேடிய பெயர் அவர் புகாரில் சேர்ந்தது. இன்ஸ்பெக்டருக்கு விசாரணைக் கடிதம் போனது.

முழுப் போலீஸ் ஆனால் போடுவதற்கென்று அவன் ஒரு சுழித்த கையெழுத்தைப் பழகி வைத்திருந்தான். என் அளவு நோட்டின் பின்பக்கமெல்லாம் அதுதான். அன்று புகார் அலுவலகப் படிவத்தில் அதைப் போடவில்லை. எண் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு கிழித்தான். கீழே, யாரும் வாசிக்கும்படி, முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதினான். போலீஸ் சம்பந்தப்பட்ட காகிதத்தில் என் தம்பி முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.