பத்தியமும் என் கால்களும்

ஈரல் சுருங்கிப்போய்விட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்ன நாளிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. காமாலைக்கு எங்கள் பக்கம் வைக்கிற பத்தியம்தான் எனக்கும். உப்பில்லாக் கஞ்சி, மோர்சாதம், கீழாநெல்லி. பருப்பு கூடாது, முட்டை கூடவே கூடாது. தண்ணீர் மொள்ளப் போனால்கூட, "ஏ புள்ள, ஒடம்ப அலட்டாத, படு" என்று ஓடி வருவார். பார்க்க வந்தவர்களோ, குடிக்காத பொம்பளைக்கு ஈரல் எப்படிக் கெட்டது என்று துப்புத் துலக்கினார்கள். சர்க்கரை நோயாலும் கெடும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா ஒரு நாற்காலியைக் காட்டி, அதில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். இடுப்பு மேலே வரவேயில்லை. பேகம்பூரில் தையல் கடை வைத்து நாள் முழுக்க மிஷின் மிதித்த கால்கள். தொடையைத் தொட்டுப் பார்த்தேன். புடவைக்குள் எலும்புதான் இருந்தது.

"ஈரலவிட உங்க காலப் பாத்தாத்தான் எனக்குக் கவலையா இருக்கு. ஒடம்புல சதை இல்லேன்னா அடுத்து ஒரு காய்ச்சல் வந்தாலே தாங்க மாட்டீங்க. முட்டை, பருப்பு சாப்பிடுங்க. தெனமும் நடங்க" என்றார். உப்பைக் குறைத்தது மட்டும்தான் சரியாம். படுத்திருந்தால் பிழைத்துக்கொள்வேன் என்றல்லவா இருந்தேன்!

மறுநாள் காலையில் தாடிக்கொம்பு ரோட்டில் நடந்தேன். விழுந்தால் என்ன ஆகும், ஈரல் கெட்டவர்களுக்கு வரும் என்கிற ரத்த வாந்தி வந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு அடிக்கும் பயம். பின்னால் என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். டீக்கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கல்யாணத்துக்குச் சேர் போடவா போறோம்?" என்று கத்தினேன்.

கொஞ்ச தூரத்தில் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. அவர் நாற்காலியைப் போட்டார். "செத்த நேரம் உக்காரு புள்ள."

"உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க. பயமா இருக்கு."

நோய் வந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னதில்லை. எல்லாவற்றையும் சிடுசிடுப்பாகவே காட்டியிருந்தேன். அவர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, ரோடு என்றும் பாராமல் அழுதார். "நாந்தான் ஒன்னயப் படுக்கப்போட்டே கொல்லப் பாத்துட்டேன்" என்றார்.

கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டுல போயி அழுகலாம். எந்திரிங்க, நடக்கணும்" என்றேன்.